பாடசாலைக்கு நிதி சேர்க்க ஏலம் நடத்துவது எப்படி? பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஏலம் பாராத ஆள் இல்லை. கோயிலில் மாம்பழம் ஏலம் போகும், தேவாலயத்தில் அறுவடைப் பெருநாளுக்கு வாழைக்குலை ஏலம் போகும், பாசையூர்ச் சந்தையில் காலமை மீன் ஏலம் போகும். இந்தப் பழக்கத்தில் பாடசாலை ஏலத்தையும் ஒரு மைக், நாலு குலை, கூவத் தெரிந்த ஓர் ஆள் என்று தொடங்கிவிடுகிறார்கள். பின்னேரம் முழுக்க நின்று கத்தி, பந்தல் காசையும் சவுண்ட் காசையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது களைப்புத்தான்.

கோயிலில் ஒரு மாம்பழத்தைப் பெருந்தொகைக்கு எடுப்பவர் நேர்த்திக்குக் கொடுக்கிறார். பாடசாலை மண்டபத்தில் அந்த நேர்த்தி கிடையாது. அங்கே ஒருவர் கை உயர்த்த வேண்டுமென்றால் காசு எதற்கென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பொருள் பிடித்திருக்க வேண்டும், அதே பொருளை விரும்பும் இன்னொருவரும் அதே மண்டபத்தில் இருக்க வேண்டும். மூன்றும் ஏலத்துக்கு முந்திய வாரங்களில் செய்து முடிக்கிற வேலை. ஆகவே படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

மொத்தம் பத்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்திலும் செய்யலாம். பொருள் சேர்ப்பவர்களின் நித்திரைதான் போகும்.

1. எதற்கு இந்தக் காசு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"பாடசாலை அபிவிருத்திக்கு" என்ற சொல்லுக்கு யாரும் கை உயர்த்தமாட்டார்கள். "ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் குடிநீர் வடிகட்டி, தொட்டி, ஆறு குழாய்: 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய்" என்று எழுதுங்கள். சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொகையை ஊகித்து எழுதக்கூடாது. கடையில் கொட்டேசன் எடுத்து, அந்தத் தாளைக் கோவையில் வையுங்கள். ஏலத்தன்று யாராவது கேட்பார்கள்.

தொகை கூடச் சேர்ந்தால் மிச்சம் எதற்குப் போகும் என்பதையும் இப்போதே முடிவுசெய்து அதே வரியின் கீழ் எழுதுங்கள். பிறகு முடிவெடுக்கப் போனால் அது கூட்டமாகாது, சண்டையாகும்.

2. அனுமதி, கணக்கு, சட்டம்

அதிபரிடம் வாய்ச்சொல்லாகச் சம்மதம் வாங்கி வேலையைத் தொடங்காதீர்கள். பாடசாலையின் பெயரில் காசு சேர்ப்பதென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் தீர்மானம் இருக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் ஊடாகக் கடிதம் போய், எழுத்தில் பதில் வரவேண்டும். இதற்கு எவ்வளவு காலம் எடுக்குமென்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அதனால்தான் இது இரண்டாவது படி.

காசு எந்தக் கணக்குக்குப் போகும் என்பது அடுத்தது. அபிவிருத்திச் சங்கக் கணக்கு, அல்லது பழைய மாணவர் சங்கக் கணக்கு, இரண்டில் ஒன்றுதான். தனி ஆளின் கணக்கு இலக்கத்தை, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நோட்டீசில் போடவேண்டாம். அவரைக் காப்பாற்றுவதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சட்டப் பக்கத்தில் கவனிக்க மூன்று விடயங்கள் உண்டு. ஏலக்காரருக்கு அனுமதிப்பத்திரம் கேட்கும் பழைய கட்டளைச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. நிதி சேர்க்கும் ஏலத்துக்கு என்ன நடைமுறை என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நுழைவுச்சீட்டு விற்றாலோ இடையில் கலை நிகழ்ச்சி வைத்தாலோ மாநகரசபையில் அல்லது பிரதேச சபையில் கேளிக்கை வரி பற்றிக் கேளுங்கள். அதிர்ஷ்டச் சீட்டிழுப்பையும் சேர்க்க யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு வேறு அனுமதி வேண்டும், விட்டுவிடுங்கள்.

ஏலம் என்ற விற்பனைக்கே விதி உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, சுத்தியல் விழும்வரை கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் விற்பனை முடிந்தது. விலையை ஏற்றுவதற்கென்று விற்பவர் தரப்பில் இரகசியமாக ஆளை இருத்திக் கேட்கவைப்பது மோசடி. "நாலு பேரை முன்னுக்கு இருத்திச் சும்மா ஏத்துவம்" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தக் கதையை அன்றே முடித்துவிடுங்கள்.

3. நாளும் நேரமும்

முதலில் எந்த நாட்கள் கூடாது என்று பாருங்கள். கல்யாண முகூர்த்த நாட்கள், பரீட்சைக் காலம், இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம், ஐப்பசி கார்த்திகை மழை, பெரிய துடுப்பாட்டச் சமர் நாட்கள் எல்லாம் வெட்டுப்படும். மிஞ்சிய சனிக்கிழமைகளில் ஒன்றை எடுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலம் ஆசை காட்டும், வெளிநாட்டில் இருந்து சனம் வந்து நிற்கும். ஆனால் கொடியேறி 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. கிடாய், சேவல், கூழ், பிரியாணிச் சாப்பாடு எதையும் அந்த நாட்களில் ஏலத்தில் வைக்க முடியாது. ஒன்றில் பொருள் பட்டியல் முழுவதையும் சைவமாக்குங்கள், இல்லையென்றால் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமைக்குப் போடுங்கள். அதற்குள் வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நேரம் பின்னேரம் 4 மணி. யாழ்ப்பாணத்தில் 4 மணி என்றால் ஐரோப்பாவின் கோடை காலத்தில் இலண்டனில் முற்பகல் 11.30, பாரிசிலும் சூரிச்சிலும் 12.30, ரொறன்ரோவில் காலை 6.30, மெல்பேணில் இரவு 8.30. இங்கே இரவு 7 மணிக்கு வைத்தால் மெல்பேண் நித்திரைக்குப் போய்விடும்.

4. பொருளுக்கு முதல் ஆட்களைத் தேடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் இந்தப் படியைத் தாண்டி நேரே பொருள் சேர்க்கப் போகிறார்கள். நாற்பது பொருள் சேரும், மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள், அதில் காசு செலவழிக்கக்கூடியவர்கள் பத்துப்பேர். பத்தாவது பொருளோடு அவர்களின் கை ஓய்ந்துவிடும்.

ஒரு பொருள் விலை ஏறுவதற்கு அதை விரும்புகிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அது ஆரம்ப விலைக்கே போகும். ஆகவே ஒரு கொப்பியில் வரக்கூடியவர்களின் பெயரை எழுதுங்கள்: பழைய மாணவர்களில் கடை வைத்திருப்பவர்கள், வைத்தியர்கள், கட்டட ஒப்பந்தகாரர்கள், வெளிநாட்டில் இருந்து வந்து நிற்பவர்கள், தங்கள் வகுப்புத் தோழர்களோடு போட்டி போடப் பிரியமுள்ளவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவர் எதைக் கேட்பார்?" என்று ஒரு சொல் எழுதுங்கள். பிறகு நேரில் போய் அழையுங்கள். வட்ஸ்அப் குழுவில் போட்ட நோட்டீசுக்குக் கும்பிடுகிற கை அடையாளம் வரும், ஆள் வராது.

ஆண்டு அடிப்படையில் ஆட்களைப் பிடிப்பது நல்ல வழி. 1998ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு ஒரு மேசை, 2001 ஒரு மேசை என்று இருத்தினால் போட்டியை அவர்களே கொண்டுவருவார்கள்.

5. பொருள் சேர்த்தல்

ஒரு மணித்தியால ஏலத்துக்கு 15 தொடக்கம் 20 பொருள் போதும். ஒரு பொருளுக்கு மூன்று நிமிடம் எடுக்கும். இருபதைத் தாண்டினால் சனம் வடையும் தேத்தண்ணியும் தேடி எழும்பத் தொடங்கும்.

கடையில் அதே விலைக்கு வாங்கக்கூடிய பொருளை எடுக்காதீர்கள். மின்விசிறி, ரைஸ்குக்கர், சுவர்க்கடிகாரம் எல்லாம் கடை விலையைத் தாண்டாது. அதன் விலை எல்லாருக்கும் தெரியும். காசு கொண்டுவருவது வேறெங்கும் வாங்க முடியாதவை. நன்றாக ஓடுகிறவற்றில் சில:

சாப்பாடு. பத்துப் பேருக்கு ஒடியல் கூழ், வீட்டு முற்றத்தில் வந்து காய்ச்சித் தருவது. அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பலகாரம். கூழும் பலகாரமும் யார் கையால் என்பதில்தான் விலை இருக்கிறது. ஊரில் பேர்போன கைப்பக்குவம் உள்ள ஒருவரைச் சம்மதிக்க வையுங்கள்.

பாடசாலையிடம் மட்டும் உள்ளவை. மெய்வல்லுநர் போட்டியில் முன்வரிசைக் கதிரை நாலு. ஒரு நாள் காலை மணி அடிக்கும் உரிமை. பழைய மரத்தளபாடம் கழித்தபோது மிஞ்சிய வாங்கு ஒன்று, துப்புரவாக்கி மெருகு பூசியது. வாங்கைப் பற்றிச் சிரித்தவர்கள் ஏலத்தன்று அதற்குப் போட்டி போடுவதைப் பார்க்கலாம். கழித்த அரச உடைமையை விற்பதற்கும் நடைமுறை உண்டு, அதிபரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பயணம். குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு ஒரு நாள், மதியச் சாப்பாடு, தீவில் சுற்றிக்காட்ட ஊரவர் ஒருவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் செல்லுபடியாகாது என்று தாளில் எழுதுங்கள்.

விளைபொருள். வைகாசி, ஆனியில் ஏலம் வைத்தால் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான். மற்றக் காலத்தில் பனங்கட்டிக் குட்டான், கதலிக் குலை, வீட்டு நல்லெண்ணெய். இவை பெருந்தொகை தராது, ஆனால் முதல் கையை உயர்த்த வைக்கும்.

தொழில். பழைய மாணவர் ஒருவரின் படப்பிடிப்பு, மோட்டார்ச்சைக்கிள் முழுச் சேர்விஸ், வீட்டுப் படம் கீறித் தருவது. எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதிக்குள், எதுவரை இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதாமல் விட்டால் வென்றவர் கல்யாணப் படம் எதிர்பார்ப்பார், கொடுத்தவர் பிறந்தநாள் படம் நினைத்திருப்பார்.

உயிருள்ள பொருள் பற்றி ஒரு சொல். கிடாய் நன்றாக விலைபோகும், சந்தேகமில்லை. ஆனால் அதை எங்கே கட்டுவது, யார் குழை போடுவது, வென்றவர் அன்றே கொண்டுபோவாரா என்பதை முதலே தீருங்கள். ஒரு பாடசாலையில் ஏலம் தொடங்க முதலே கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு சுற்றாடல் கழகத்தின் பூந்தோட்டத்தை முடித்துவிட்டது. மேடையில் கிடாயின் படத்தைக் காட்டினால் போதும். கிடாய் வளர்த்தவரின் பட்டியிலேயே நிற்கட்டும்.

ஒரு பிள்ளை தனியே கீறிய ஓவியத்தை ஏலத்தில் வைக்காதீர்கள். அதைக் கேட்பவர் அந்தப் பிள்ளையின் தகப்பன் ஒருவர்தான், போட்டி இல்லை. அதைவிட, 800 ரூபாயோடு அது நின்றுபோகும்போது பிள்ளையும் மண்டபத்தில் இருக்கும். ஒரு வகுப்பே சேர்ந்து கீறியதை வையுங்கள். முப்பது வீட்டார் அதற்குப் பின்னால் நிற்பார்கள்.

பொருள் கையில் வந்த அன்றே ஒரு தாள் நிரப்புங்கள்: கொடுத்தவர், பொருள் என்ன, சந்தைப் பெறுமதி, நிபந்தனை, முடிவுத் திகதி, கையொப்பம். ஏலத்துக்குப் பத்து நாள் முன்பு பட்டியலை மூடுங்கள். அதற்குப் பிறகு வரும் நல்ல பொருளையும் அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்; கடைசி நேரத்தில் வந்ததற்கு ஆள் தேட உங்களுக்கு நாள் இல்லை.

6. விலை போடுதல்

ஆரம்ப விலை பெறுமதியில் பாதிக்குக் கிட்ட இருக்கட்டும். 12 ஆயிரம் பெறுமதியான கூழை 10 ஆயிரத்தில் தொடங்கினால் மண்டபம் மௌனமாகிவிடும். மௌனம் ஒருமுறை விழுந்தால் அடுத்த இரண்டு பொருளையும் அது பிடிக்கும். 6 ஆயிரத்தில் தொடங்கினால் நாலு பேர் உள்ளே வருவார்கள், வந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது.

எவ்வளவால் ஏறும் என்பதையும் முன்கூட்டி எழுதுங்கள். 10 ஆயிரம் வரை 500, அதிலிருந்து 50 ஆயிரம் வரை 1,000 அல்லது 2,000, அதற்கு மேல் 5,000. சின்னத்தனமாக நூறு நூறாக ஏற்றினால் நேரம் போகும்.

பெறுமதி கூடிய இரண்டு மூன்று பொருளுக்கு அடிவிலை வைக்கலாம். அதற்குக் கீழே விற்பதில்லை என்று. அடிவிலை உண்டென்பதை ஏலத்தின் தொடக்கத்தில் சொல்லுங்கள், தொகையைச் சொல்ல வேண்டியதில்லை.

7. எது முதல், எது பிறகு

மிகச்சிறந்த பொருளைக் கடைசிக்கு வைப்பது எல்லாரும் விடும் பிழை. கடைசிப் பொருள் வரும்போது மினிபஸ் பிடிக்க வேண்டியவர்கள் போயிருப்பார்கள், சின்னப் பிள்ளைகள் அழுவார்கள், காசு மேசையில் வரிசை நிற்கும்.

முதல் இரண்டு மூன்று பொருள் மலிவானதாகவும் கட்டாயம் விலைபோவதாகவும் இருக்கட்டும். கதலிக் குலை நல்ல தொடக்கம். ஐந்தாவது ஆறாவதில் இருந்து பெரியவற்றை விடுங்கள். ஆகப் பெரியது பதினெட்டில் பத்தாவது அளவில் வரவேண்டும். ஒரே வகைப் பொருள் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பயணத்தில் தோற்றவருக்கு அடுத்த பயணம் வரும்வரை மனம் ஆறட்டும். தோற்றவர்தான் அடுத்ததற்கு உங்கள் நல்ல ஆள்.

8. ஆட்களும் பொறுப்பும்

ஏலம் கூறுபவர் பகிடி விடத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, இலக்கம் பிசகாதவராக இருப்பது அதைவிட முக்கியம். சனத்தை முகம் பார்த்து அறிந்தவராக இருக்கவேண்டும். அதிபரை இதில் போடவேண்டாம். அவருக்கு எதிரே பெற்றோர் கூச்சப்படுவார்கள், சிலர் விருப்பமில்லாமலே கை உயர்த்துவார்கள்.

எழுதுபவர் இரண்டு பேர், தனித்தனித் தாளில். இரண்டு தாளும் ஒவ்வொரு ஐந்து பொருளுக்கும் ஒருமுறை ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். நிரல்கள் இவை: பொருள் இலக்கம், பொருள், வென்றவரின் அட்டை இலக்கம் (வாசலில் கொடுக்கும் இலக்க அட்டை), விலை, இரண்டாவதாக வந்தவரின் அட்டை இலக்கமும் அவர் கேட்ட விலையும். கடைசி நிரலை எல்லாரும் மறப்பார்கள். வென்றவர் காசு கட்டாமல் போனால் அந்த நிரல்தான் உங்களுக்குத் துணை.

கை பார்ப்பவர்கள் மூன்று பேர்: வலம், இடம், பின்பக்கம். எங்கள் சனம் கையை முழுக்க உயர்த்தாது. காதருகே இரண்டு விரல் அசையும், அல்லது புருவம். அதைக் கண்டு "இஞ்சால!" என்று சத்தம் வைக்க ஆள் வேண்டும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதைத் திறமாகச் செய்வார்கள்.

காசு மேசையில் இரண்டு பேர். ஒருவர் காசு எண்ணுவார், மற்றவர் பற்றுச்சீட்டு எழுதுவார். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது.

9. வெளிநாட்டில் இருந்து கேட்பவர்கள்

நேரலையில் பின்னூட்டம் பார்த்து ஏலம் எடுப்பது சரிவராது. படம் அங்கே போய்ச் சேரச் சில விநாடி பிந்தும். அவர் எழுதுவது இங்கே வருவதற்குள் மூன்றாம்தரம் விழுந்திருக்கும். பிறகு குறை கேட்க நேரும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆகக்கூடிய தொகையை முதல் நாளே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே ஒருவர் அவருடைய அட்டையைப் பிடித்து அந்தத் தொகைவரை கேட்பார். அந்தத் தொகை ஏலம் கூறுபவருக்குத் தெரியக்கூடாது. மற்றது, தொலைபேசியில் இணைப்பில் வைத்துக்கொண்டு கேட்பது. ஒரு தொலைபேசிக்கு ஒரு ஆள். ஒருவரே இரண்டு பேருக்குப் பேச வெளிக்கிட்டால் குழம்பும்.

கூழை ரொறன்ரோவுக்கு அனுப்ப முடியாது. ஆனால் வென்றவர் அதை ஊரில் உள்ள தன் தாய்க்கோ, படித்த வகுப்புக்கோ கொடுக்கலாம் என்று பட்டியலிலேயே எழுதுங்கள். அந்த ஒரு வரி பல பேரை உள்ளே இழுக்கும்.

10. மண்டபம்

ஒலிபெருக்கியின் ஒரு பெட்டி கட்டாயம் பின்பக்கம் வேண்டும். ஜெனரேற்றரை முதல் நாள் ஓடவிட்டுப் பாருங்கள், எண்ணெய் இருக்கிறதா என்றும். கதிரைகளை நடுவில் வழிவிட்டுப் போடுங்கள், கை பார்ப்பவர் நடக்க இடம் வேண்டும். ஏலம் ஓடும்போது சிற்றுண்டி பரிமாறவேண்டாம். கை நிறைய வடையோடு இருப்பவர் அட்டையை உயர்த்தமாட்டார்.

பொருட்களை ஒரு மணித்தியாலம் முன்பே மேசையில் பரப்பி, பெயரும் நிபந்தனையும் பெரிய எழுத்தில் வையுங்கள். தொட்டுப் பார்த்த பொருளுக்குத்தான் ஆசை வரும்.

வாசலில் பெயர், தொலைபேசி இலக்கம் பதிந்து இலக்க அட்டை கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் இருந்து ஒருவரை ஒருவர் அறியாமல் விலை ஏற்றிய கதைகள் உண்டு. பாடசாலைக்கு இலாபம், வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு இருந்திருக்காது.

11. ஏலம் ஓடும்போது

தொடங்குமுன் விதிகளை ஒரு நிமிடத்தில் வாசியுங்கள்: சுத்தியலுக்குப் பதில் மணி, அது அடித்தால் முடிந்தது, சந்தேகம் வந்தால் ஏலம் கூறுபவரின் முடிவே முடிவு, காசு இன்றே. கோயில் ஏலத்தில் பேரை எழுதிவிட்டு அடுத்த திருவிழாவுக்குள் கட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பாடசாலைக்கு அது ஒத்துவராது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஏலத்தில் வந்த தொகை ஒன்று, வங்கியில் விழுந்த தொகை வேறொன்றாக இருக்கும்.

ஒரு பொருள் எப்படி ஓடவேண்டும் என்பதற்கு இப்படி ஒரு மாதிரி:

"ஏழாம் இலக்கம். பத்துப் பேருக்கு ஒடியல் கூழ். நண்டு, றால், பயித்தங்காய் எல்லாம் போட்டு உங்கட முத்தத்தில வந்து காய்ச்சித் தருவினம். பிலாவிலையும் அவையே கொண்டு வருவினம், நீங்கள் அடுப்பு மட்டும் வைச்சாக் காணும். ஆறாயிரம், ஆர் கேக்கிறியள்?"

"இஞ்சால!"

"ஆறாயிரம், இருபத்திமூண்டு. ஆறரை? ஆறரை, நாப்பத்தொண்டு அக்கா. ஏழு? ஏழு, இருபத்திமூண்டு. ஏழரை... எட்டு... எட்டரை அக்கா."

இங்கே நிற்கும். புதியவர்கள் உடனே "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அப்படி முடித்தால் காசை மேசையில் விட்டுவிட்டு வருகிறீர்கள். தோற்கப்போகிறவரைப் பாருங்கள், மண்டபத்தைப் பார்க்கவேண்டாம்.

"இருபத்திமூண்டு அண்ணை, கூழ் அங்கால போகுது. ஒன்பதுக்கு விடுவமே?"

இப்போது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். அட்டை உயரும். அப்படி இரண்டு முறை செய்யலாம். மூன்றாம் முறை நச்சரிப்பு. அவர் தலையை ஆட்டிவிட்டால் சிரித்து விட்டுவிடுங்கள், வற்புறுத்தி எடுப்பித்த பொருளுக்குக் காசு வராது.

"ஒருதரம்... ரெண்டுதரம்..." இங்கே மூச்சு விடுங்கள். "மூண்டுதரம்." மணி. உடனே விலையையும் அட்டை இலக்கத்தையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். எழுதுபவர்கள் தலையாட்டும்வரை அடுத்த பொருளைத் தொடவேண்டாம்.

மூன்றாம்தரமும் ஒரு கையும் ஒரே நேரத்தில் வந்தால்? மணி அடிபடவில்லை என்றால் கை செல்லும். இரண்டு பேர் ஒரே விலையைத் தான் கேட்டதாகச் சொன்னால் அந்த விலையில் இருந்து இருவருக்கும் இடையில் மட்டும் மீண்டும் தொடங்குங்கள். வாக்குவாதத்தை மைக்கில் நடத்தாதீர்கள்.

12. நடுவில் நேரடி நன்கொடை

பொருள் எதுவும் எடுக்காமல் கொடுக்க விரும்பும் சனம் நிறைய. ஆகப் பெரிய பொருள் போன கையோடு, சூடு ஆறமுதல், பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரியை வாசியுங்கள். பிறகு மேலிருந்து கீழே வாருங்கள்: "ஒரு குழாயின் செலவு 50 ஆயிரம், ஆரும் இருக்கிறியளோ?" பிறகு 25, 10, 5, 2, கடைசியாக ஆயிரம். கீழிருந்து தொடங்கினால் 50 ஆயிரம் கொடுக்க வந்தவரும் ஆயிரத்தோடு கையை உயர்த்திவிட்டு இருந்துவிடுவார்.

முதல் தொகைக்கு ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர் உண்மையாகவே கொடுக்கவேண்டும், கொடுப்பதுபோல் நடிக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு உயரும் கைகளை ஒவ்வொன்றாக இலக்கம் வாசித்து எழுதுங்கள், அவசரப்படவேண்டாம். சிறு தொகைக்காரர்களின் இலக்கத்தை வாசிக்காமல் தாண்டினால் அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள்.

13. காசும் பொருளும்

காசு மேசையை ஏலத்தின் பாதியிலேயே திறவுங்கள். முடிவில் எல்லாரும் ஒன்றாக வந்தால் நெரிசலில் இலக்கம் மாறும். காசு, காசோலை, கியூஆர், வங்கி மாற்று எல்லாவற்றையும் ஏற்கலாம். வங்கி மாற்றென்றால் தொலைபேசித் திரையைப் பார்த்து நம்பாமல், காசு கணக்கில் விழுந்ததைச் சங்கப் பொருளாளரின் தொலைபேசியில் பார்த்தபின் பற்றுச்சீட்டு எழுதுங்கள். 5,000 தாள்கள் நிறைய வரும். மாற்றிக் கொடுக்க முதல் நாளே 1,000, 500 தாள்கள் எடுத்து வையுங்கள்.

பற்றுச்சீட்டு இல்லாமல் பொருள் மேசையை விட்டுப் போகக்கூடாது. சொந்தக்காரர், சங்கத் தலைவர், தெரிந்த சேர், யாருக்கும் இதில் விலக்கு வேண்டாம். ஒருவருக்கு விட்டால் அடுத்தவர் ஏன் என்று கேட்பார், அதில் நியாயமும் இருக்கும்.

அன்று இரவே இரண்டு பேர் எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, பாடசாலை இரும்புப் பெட்டியில் வையுங்கள். திங்கள் காலை வங்கியில் போடுங்கள். யாருடைய வீட்டுக்கும் காசு போகவேண்டாம்.

கட்டாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுங்கள், புதன்கிழமை வரை தவணை கொடுங்கள். அதற்குப் பிறகு இரண்டாவதாக வந்தவரிடம், அவர் கேட்ட விலைக்கே வேண்டுமா என்று கேட்கலாம்.

14. அடுத்த வாரம்

கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்: ஏல வரவு, நன்கொடை, செலவு, மிச்சம், இன்னும் வரவேண்டியது. வென்றவர்களின் பெயரைப் போடத் தேவையில்லை. ஊரில் யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது பலகையில் ஏறினால் அடுத்த முறை சிலர் ஒதுங்குவார்கள்.

பொருள் கொடுத்தவர்களுக்கு அது எவ்வளவுக்குப் போனது என்று எழுதி நன்றிக் கடிதம் அனுப்புங்கள். படப்பிடிப்பு, பயணம், கூழ் போன்றவற்றுக்கு வென்றவரையும் கொடுத்தவரையும் நீங்களே தொலைபேசியில் இணைத்து, திகதி குறிக்கும்வரை விடாதீர்கள். குறிக்காமல் விட்டவை ஆறு மாதத்தில் மறந்துபோகும், பழி பாடசாலைக்கு வரும்.

ஒவ்வொரு பொருளின் ஆரம்ப விலை, போன விலை, எத்தனை பேர் கேட்டார்கள், எது நின்றுபோனது என்பதை ஒரு கொப்பியில் எழுதி அதிபர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஒருவருடைய தொலைபேசியில் மட்டும் இருக்கவேண்டாம். குழு ஆண்டுக்காண்டு மாறும். அடுத்து வருகிறவர்கள் நாலாவது படியில் இருந்து தொடங்க அந்தக் கொப்பி வேண்டும்.